ஆற்றை அளந்த செல்லப்பன்

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் அதிகாரி ஜொகூர் பாருவில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். நம் நாடு இப்போது தனக்கென்று ஒரு வெளிநாட்டு உளவுப் பணிமனையை அமைத்துக்கொண்டிருக்கிறது என்றும், அதில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் ஒருநாள் வந்து பேச வேண்டும் என்றும் கேட்டார். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த வேலைக்கென்று முதன்முதலாகத் திறந்த பணிமனையில் இருந்தவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தானாம்.

"சும்மா ஒரு மணி நேரம் பேசுங்க ஐயா. எப்படி ஆரம்பிச்சாங்க, மேல இருந்த தொரை எப்படிப்பட்டவரு, அப்பல்லாம் எப்படித் தகவல் எடுத்தீங்க, அவ்ளோதான். பசங்க வாயப் பொளந்துகிட்டுக் கேப்பாங்க லா."

"செய்த பிழைகளையும் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"அலமாக், அதுதான் ஐயா சுவாரசியமே!" என்று சிரித்தார்.

அவர்மேல் குறை இல்லை. எந்தப் பிழையைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. பலர் முன்னால் நின்று அதைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிடுவேன் என்ற பயம் இருந்தது. எழுத்தில் அப்படி நழுவுவது கடினம். ஆகவே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறி, அங்கிருந்து வந்த பலரைப் போலவே அரசாங்க எழுத்தர் வேலைக்கு ஜொகூர் வந்தவன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் சிப்பாய்கள் கலகம் செய்து, அது அடக்கப்பட்டு, ஊர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். சிப்பாய்கள் தங்கள் கூடாரத்துக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து யார் வந்து யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று தங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்ததை ஆட்சியாளர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். உடனே தபால்களைப் பிரித்துப் படிக்க ஓர் அறை ஏற்பட்டது. தமிழ்க் கடிதங்களைப் படிக்க என்னை அங்கே அனுப்பினார்கள். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் கடிதங்களை நாள் முழுவதும் படித்தேன். அதுதான் என் பயிற்சி. அதற்கு மேல் சொல்ல அதில் எதுவும் இல்லை.

ஹால்டன் துரையை நான் முதலில் பார்த்தது அந்த அறையில்தான். சென்னை மாகாணத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். புத்தகத் தமிழ் பேசுவார். ஒரு கடிதத்தின் ஓரத்தில் நான் 'ஐயத்துக்குரியது' என்று எழுதியிருந்தேன். மூன்று மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது, பெரியவரிடம் சொல்லவும் என்று அதில் இருந்தது.

"மூட்டையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"வெடிமருந்தாக இருக்கலாம், சார்."

"புளியாகவும் இருக்கலாம் அல்லவா? நீர் மூட்டையைக் கண்டீரா?"

"இல்லை."

"கண்டவர் எவரேனும் உமக்குச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்படியானால் இது உமது நினைப்பு. உமது நினைப்புக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கவில்லை, ஐயா."

விசாரித்தபோது அது புளிதான். அறையில் இருந்தவர்கள் வெகுநாள் வரைக்கும் என்னைப் புளி என்றே அழைத்தார்கள். ஆனால் போர் முடிந்து அந்த அறையை மூடியபோது, புதிதாகத் தொடங்கும் பணிமனைக்கு ஹால்டன் துரை கேட்டு வாங்கிக்கொண்ட எழுத்தர் நான்தான்.

தலைமையிடம் சிங்கப்பூரில். ஜொகூர் வேலைகளுக்கு, நீரிணையைப் பார்த்தபடி ஓர் அரிசிக் கிடங்கின் மாடியில் இரண்டு அறைகள். பெயர்ப்பலகை கிடையாது. கீழே கேட்டால் நில அளவை அலுவலகத்தின் கிளை என்று சொல்வார்கள். அந்நிய நாட்டார் இந்த மண்ணில் என்ன செய்கிறார்கள் என்று அறிவது எங்கள் வேலை. யாரையும் பிடிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அதை வேண்டாம் என்று வாதாடித் தவிர்த்தவர் துரையே. "பிடிக்கிறவன் கையில் தகவல் சேர்க்கும் வேலையையும் கொடுத்தால், பிடிப்பதற்கு ஏற்ற தகவல்தான் சேரும்" என்பார். போலீஸ் மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. பல்லில்லாத பணிமனை என்று எங்களைக் கேலி செய்தார்கள்.

துரையின் முறைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவை நல்ல முறைகள். கெட்டது அவற்றால் வரவில்லை.

தகவல் கொண்டுவரும் ஆட்களை நான்தான் வெளியே சந்திப்பேன். சந்தித்து வந்ததும் துரையின் அறையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவர் உட்கார மாட்டார். சன்னல் ஓரம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீரிணையைப் பார்த்தபடி கேட்பார். முதன்முறை எனக்கு அவமானமாக இருந்தது. காரணத்தை அவரே சொன்னார். "முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். சொல்லை மட்டும் கேட்டால்தான் அதன் ஓட்டை தெரியும்."

பிறகு எழுத வேண்டும். தகவலாளி தன் கண்ணால் கண்டது வெள்ளைத் தாளில். பிறர் சொல்லக் கேட்டது நீலத் தாளில். நினைப்புக்குத் தாள் கிடையாது. எழுதியதை இழுப்பறையில் சில நாள் போட்டு ஆறவிடுவார். ஒரே ஆள் சொன்னது எவ்வளவு பெரிய செய்தியானாலும் மேலே போகாது. இரண்டு பேர் சொல்ல வேண்டும். அந்த இருவருக்கும் உறவோ, கொடுக்கல் வாங்கலோ, ஒரே எசமானோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கடைசியில் அதைக் கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த விதியால் பல வருடங்கள் நாங்கள் பெரிதாக எதையும் அனுப்பவில்லை. ஜப்பானியர் ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்தார்கள். படம் பிடிக்கும் கடைகள், பல் கட்டும் கடைகள் வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்தவர்கள் என்று எங்கள் தாள்கள் சொல்லின. மேலிடத்துக்கு அது சலிப்பூட்டியது. எதிர்க்கரையான சிங்கப்பூரில் கடற்படைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் சலிப்பு கோபமாக மாறியது. இவ்வளவு ஜப்பானியர் சுற்றியிருக்க, ஒருவன்கூட வேவு பார்க்கவில்லையா என்று கேட்டு எழுதினார்கள். பணிமனையை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. மூடினால் நான் பழையபடி நில வரி எழுத்தராகப் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஜொகூர் ஆற்றுக் கரையில் இருந்த ஒரு ஜப்பானியர் தோட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கொண்டுவந்தவர் தோட்டத்துக்கு அருகில் மளிகைக் கடை வைத்திருந்தவர். இரண்டு மூன்று ஆண்டுகளாக எனக்குத் தகவல் சொல்பவர். எழுத்தர்களைத் தோட்டத்து ஆட்கள் அழைப்பது போல என்னைக் கிராணி என்பார்.

"கிராணி ஐயா, செல்லப்பன்னு ஒருத்தன். முன்ன சர்வேயில சங்கிலி புடிச்சவன். இப்ப தோட்டத்துல இருக்கான். ஜப்பான் தொரை படகக் குடுத்திருக்காரு. கயித்துல கல்லக் கட்டி ஆத்துல எறக்கி அளக்குறான். அளந்தத எழுதி, ரெண்டா மடிச்சு, தொரை கையில குடுத்தான்."

"நீ கண்டாயா?"

"இந்தக் கண்ணாலயே கண்டேன்."

சங்கிலிக்காரர் என்றால் நில அளவையில் சங்கிலியை இழுத்துப் பிடித்து அளக்கும் வேலையாள். அப்படி ஒருவர் கடலை நோக்கி ஓடும் ஆற்றின் ஆழத்தை அளந்து ஜப்பானியரிடம் கொடுக்கிறார் என்றால் எதிர்க்கரைத் துறைமுகம் நினைவுக்கு வராமல் இருக்குமா? வெள்ளைத் தாளில் எழுதினேன்.

இரண்டாவது ஆள் ஒரு படகோட்டி. கீழ்த்துறையில் ஆட்களை அக்கரை கொண்டுவிடுபவர். அவரிடம் ஆற்றில் ஏதாவது புதுச் செய்தி உண்டா என்று பொதுவாகத்தான் கேட்டேன்.

"செல்லப்பன் ஆத்த அளக்குறான் ஐயா. எழுதி, ரெண்டா மடிச்சு, தொரை கையில குடுத்தான். இந்தக் கண்ணாலயே கண்டேன்."

சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். நான் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று இந்த வயதில் பொய் சொல்ல மாட்டேன். யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்ததை இருவரும் ஒப்பிக்கிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. அதை அறிய ஒரே வழி, லயத்துக்குப் போய் நாலு பேரிடம் உட்கார்ந்து, இவர் யார் மகன், யார் வீட்டில் பெண் எடுத்தவர், எந்த ஊர் என்று பேச்சுக்கொடுப்பதுதான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த நீண்ட லயக் கொட்டகைகளுக்குள் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நின்றபடியே பேசித் திரும்புவேன். கொடுத்த தண்ணீரைக் குடித்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகக்காரர்களான எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு கோடு இருந்தது. பேசும் மொழி ஒன்று, கும்பிடும் சாமியும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் அவர்களுடைய உறவுமுறைகளை விசாரிப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன்.

துரை சன்னல் பக்கம் நின்று முழுவதையும் கேட்டார்.

"இருவருக்கும் உறவு உண்டா?"

"இல்லை, சார்."

"விசாரித்தீரா?"

"விசாரித்தேன்."

அவர் திரும்பியிருந்தால் என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். அவர் திரும்பவில்லை. அதுதானே அவர் முறை.

தாள்கள் இழுப்பறையில் ஆறின. பிறகு மேலே போயின. எங்கள் பணிமனையிலிருந்து பெரியதாக ஒன்று வந்ததில் மேலிடத்துக்குத் திருப்தி. பணிமனையை மூடும் பேச்சு அடங்கியது. போலீஸார் செல்லப்பனைக் கொண்டுவந்து விசாரித்தார்கள். அவர்களிடம் தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று என்னை மொழிபெயர்க்க அழைத்தார்கள். துரை வரவில்லை. பிடிக்கும் இடத்தில் நாம் இருக்கக் கூடாது என்பது அவர் விதி. என்னை அனுப்பவும் தயங்கினார். நான்தான் போகிறேன் என்றேன்.

செல்லப்பன் ஒல்லியான மனிதர். பயந்திருந்தார், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தமிழ் பேசும் ஒரு முகம் அல்லவா?

"ஐயா, நீங்க சொல்லுங்க இவங்களுக்கு. போன வருசம் மாரியம்மன் திருவிழாவுல கரகம் எடுத்த பொம்பள, ஆத்துல கால வச்சதும் கரை சரிஞ்சு உள்ள போயிட்டா. பொணங்கூடக் கெடைக்கல. அதான் இந்த வருசம் நல்ல எடமாப் பாப்போம்னு ஆழம் பாத்தேன். மேல ஒரு எடம் இருக்கு, தரை கெட்டி."

"காகிதத்தை ஜப்பானியரிடம் கொடுத்தாரா என்று கேள்" என்றார் அதிகாரி.

"அவருகிட்ட எதுக்கு ஐயா காகிதம்? படகு மட்டுந்தான் குடுத்தாரு. காகிதத்தக் கங்காணிகிட்டக் குடுத்தேன். அவரு ஏத்துக்கல. பழைய தொறைக்குப் போனாத்தான் கரகம் அவரு வாசல்ல நிக்கும், மொத பூசை அவரு வீட்டுக்கு. மேல போனா அவரு வீட்டுப் பக்கமே வராது. அதுல எம்மேல கோவம்."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. ஆனால் கரகம் என்பதைப் 'பானை' என்று மட்டும் சொன்னேன். அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

"ஒரு பானைக்காகவா ஆற்றை அளந்தான்?"

மற்றவர் சிரித்தார். நானும் மெல்லச் சிரித்தேன்.

கரகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பானையில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நம்பி, தலையில் சுமந்து, ஆற்றில் கொண்டு விடும்வரை ஒரு தோட்டமே பின்னால் நடக்கும். எந்த வாசலில் அது நிற்கிறது என்பதற்காக அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் அந்த அதிகாரிக்கு இந்த வழக்கே வேறாகத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் முன்னால் அதை என் சமயம் என்று விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் தேவாரம் படித்த வீட்டுப் பிள்ளை. கரகமும் தீமிதியும் கூலிக்காரர்களுடையவை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியைப் பற்றி அவர் சொன்னதற்கு அவர்கள் காது கொடுக்கவில்லை. பிடிபட்டவன் எவனும் யாரையாவது பழிப்பான் என்றார்கள்.

செல்லப்பனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மனைவியும் சிறு பெண் குழந்தை காமாட்சியும் தோட்டத்திலேயே இருந்தார்கள். தப்பென்று தெரிந்ததும் அவரை விட்டுவிடுவார்கள் என்று அந்த அம்மாள் காத்திருந்தாராம்.

இது நடந்து சில மாதங்களில் கங்காணி வீட்டில் ஒரு காது குத்து. தோட்டத்துச் செய்தி ஏதாவது கிடைக்கும் என்று நானும் போனேன். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள். கங்காணியின் கடைசிப் பெண்ணைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். "மூத்த மாமன் உக்காரு, எளைய மாமன் சீர்த் தட்டப் புடி" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பாயில் போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டவர் என் மளிகைக் கடைக்காரர். பக்கத்தில் சீர்த் தட்டுடன் நின்றவர் என் படகோட்டி. இருவரும் அண்ணன் தம்பி. கங்காணியின் மனைவியுடன் பிறந்தவர்கள்.

பந்தலுக்குப் பின்னால் படகோட்டியைத் தனியாக அழைத்தேன்.

"செல்லப்பன் காகிதம் கொடுத்ததை நீ உண்மையிலேயே கண்டாயா?"

அவர் என்னை விளங்காதவர் போலப் பார்த்தார். "அளந்ததக் கண்டேன் ஐயா. காகிதம் மச்சான் சொன்னது. கண்டேன்னு சொன்னாத்தான் நீங்க எழுதுவீங்கன்னு அண்ணன் சொல்லுச்சு."

"நீங்கள் அண்ணன் தம்பி என்று ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கவே இல்லியே, ஐயா."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? காய்ச்சலோ?" என்றாள் என் மனைவி. ஒன்றும் இல்லை என்றேன். மறுநாளே துரையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அறிக்கைக்காக எனக்குப் பதவி உயர்வுக்கு எழுதியிருந்தார்கள். அது வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. அதன் பிறகும் ஒரு மழைக்காலம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எந்தத் தாளைத் தொட்டாலும் அந்த மனிதர் என்னைக் கண்டு முகம் மலர்ந்தது நினைவுக்கு வந்தது.

ஒரு காலை துரையின் அறைக்குப் போனேன். வழக்கம்போல் சன்னல் பக்கம் போய் நின்றார். இருவரும் சகோதரர்கள் என்று சொன்னேன். நான் விசாரிக்கவில்லை, விசாரித்ததாகச் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

அத்தனை ஆண்டுகளில் அன்றுதான் அவர் திரும்பி நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"எப்போது அறிந்தீர்?"

சொன்னேன்.

"அந்த மனிதர் ஏன் ஆற்றை அளந்தார்?"

அதையும் சொன்னேன். போலீஸாரிடம் விளக்காமல் விட்டதையும் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. "நான் இந்த வீட்டைக் கட்டினேன். கதவு எல்லாம் சரியாக வைத்தேன். சாவி முழுவதையும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்" என்றார், என்னிடம் சொல்வது போல் இல்லாமல்.

திருத்த அறிக்கையை அவரே எழுதினார். அதில் என் பெயர் இல்லை. சரிபார்க்கத் தவறியது தலைவரான நான் என்று மட்டும் எழுதினார். வேண்டாம் சார், என் பிழையை என் பேரில் எழுதுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாடு கடத்தும் உத்தரவு நீக்கப்பட்டது. செல்லப்பனின் ஊர் எது என்று எங்கள் தாள் எதிலும் இல்லை. அவர் மனைவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டுத்தான் தேடினார்கள்.

ஹால்டன் துரையை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். புறப்படும் நாளில் எனக்குக் கை கொடுத்தார். அடுத்து வந்த தலைவர் சுறுசுறுப்பானவர். தாள்களை ஆறவிடுவது கால விரயம் என்றார். இரண்டு பேர் விதியைத் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்றார். நாங்கள் முன்னைவிட நிறைய அனுப்பினோம். நான் தலைமை மொழிபெயர்ப்பாளனாக ஓய்வு பெற்றேன்.

செல்லப்பன் திரும்பி வந்தார். இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவர் ஏன் போனார், ஏன் வந்தார் என்று யாரும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் தகவலாளிகள் யார் என்பது தெரிந்துவிடும். அது பணிமனையின் விதி, சரியான விதியும்கூட. அதனால் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். ஜப்பான் துரைக்கு ஆற்றை அளந்து கொடுத்துப் பிடிபட்டவன், யார் காலையோ பிடித்துத் திரும்பி வந்துவிட்டான். அவர் மறுத்துச் சொல்லிப் பார்த்தார். நம்பவில்லை.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்குக் கங்காணி என்னை அழைத்திருந்தார். கரகம் புறப்படும்போது அதைத் தூக்கிவிடக் கூட்டத்தில் சிலர் கை கொடுப்பார்கள். செல்லப்பனும் குளித்துத் திருநீறு பூசி முன்னால் வந்து கை நீட்டினார்.

"அந்தக் கை வேணாம்" என்றார் கங்காணி. "ஆத்த அளந்து வித்த கை."

"நான் யாருக்கும் விக்கல! ஆத்தா சாட்சியா விக்கல!"

"ஆத்தாள எதுக்கு இழுக்குற? இங்க இத்தன பேரு இருக்காங்களே, உனக்காக ஒருத்தன் சொல்லட்டும். விட்டுடுறேன்."

செல்லப்பன் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். விசாரணையில் மொழிபெயர்த்தவன் என்று அடையாளம் தெரிந்திருக்கும். அவர் குற்றமற்றவர் என்று அந்தக் கூட்டத்தில் நிச்சயமாக அறிந்தவன் நான். பணிமனையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. எனக்குத் தெரியும், இவர் தப்புச் செய்யவில்லை என்று ஒரு வரி போதும். கிராணி ஐயா சொன்னால் கேட்டிருப்பார்கள். நான் கங்காணி போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

அவர் கையை மடக்கிக்கொண்டு பின்னால் போனார். அவருடைய சிறு மகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பிறகு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சில ஆண்டுகளில் காய்ச்சலில் இறந்தார். அங்கேயும் அந்தப் பேச்சு அவருக்கு முன்பே போயிருந்ததாம்.

இளம் அதிகாரி வந்து போன பிறகு நான் காமாட்சியைத் தேடினேன். அவர் இப்போது ஜொகூர் பாருவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை செய்கிறார். இதுவரை எழுதியிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். விசாரணைப் பகுதியில் கை நின்றது. பிறகு மறுபடி நறுக்கினார். முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியல ஐயா. அப்பா சாவுற வரைக்கும் விக்கல, விக்கலன்னு சொல்லிகிட்டே இருந்தாரு. எங்கம்மாவே ஒரு கட்டத்துல நம்பல" என்றார்.

"இதை அச்சில் போடுவார்கள். எல்லோரும் படிப்பார்கள்."

"யாரு படிப்பா? லயத்துல யாரு புக்குப் படிக்குறாங்க? நீங்க எங்க வாய மூடுனீங்களோ அங்க வந்து வாயத் தொறங்க. அடுத்த வாரந்தான் திருவிழா."

போனோம். பேருந்தில் காமாட்சி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கிறது. கோயிலைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். கங்காணியின் பேரன்தான் இப்போது கோயில் தலைவர், நல்ல பிள்ளை. பழைய அரசாங்க உத்தியோகஸ்தர் இரண்டு வார்த்தை பேச விரும்புகிறார் என்றதும் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார். என்ன பேசப்போகிறேன் என்று கேட்கவில்லை.

செல்லப்பன் என்று ஒருவர் இங்கே இருந்தார் என்று தொடங்கினேன். கரகம் எடுப்பவர்கள் ஆற்றில் விழுந்து சாகக் கூடாது என்பதற்காக ஆழம் பார்த்தார். யாருக்கும் எதையும் விற்கவில்லை. விற்றார் என்று எழுதி அனுப்பியவன் நான். தவறு என்று தெரிந்த பிறகும் இதே இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவனும் நான். கங்காணியைப் பற்றியோ அவர் மைத்துனர்களைப் பற்றியோ நான் பேசவில்லை. அவர்கள் பொய்யை என்னிடம் கொண்டுவந்தார்கள். அதற்கு அரசாங்க முத்திரை வைத்தவன் நான்.

கூட்டம் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. பலருக்கு வயது முப்பதுக்குள். "யாரு தாத்தா அந்தச் செல்லப்பன்?" என்று ஓர் இளைஞன் கேட்டான். பதில் சொல்ல அங்கே பழைய ஆட்கள் யாரும் இல்லை என்று நினைத்தேன். அப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மிக வயதான ஒரு கிழவி தலையை ஆட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியுமே. ஜப்பான்காரனுக்கு ஆத்த அளந்து வித்தானே, அந்த ஆளு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கோயில் தலைவர் ஒலிபெருக்கியை வாங்கக் கை நீட்டினார். பூசைக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. இறங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

காமாட்சி படியில் நின்று வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

"கெழவிக்குக் காது கேக்காது, ஐயா. இன்னொரு தடவ சொல்லுங்க. சத்தமா."

நான் மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். கிழவியின் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து சொன்னேன்.